அறுநூறு மில்லிமீட்டர் ஆசை

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் சென்ற மே மாதம்தான் பணி ஓய்வு பெற்றார். மகன் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் காமிரா ஒன்று வைத்திருக்கிறார். அதோடு வந்த சின்ன லென்ஸில் நயினார்குளத்துக் கொக்கை எடுத்தால் கொக்கு கடுகு மாதிரி விழுகிறதாம். "அண்ணாச்சி, பறவை எடுக்க எந்த ஜூம் லென்ஸ் வாங்கட்டும்?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லிவிட்டார்கள். மூன்றும் ஒரே பதில். "வாங்கினா 150-600 வாங்கும்வே. இல்லேன்னா வாங்காமலே இரும்."

டீ ஆறிவிடும் என்பதால் அங்கே நான் வாதாடவில்லை. இங்கே வாதாடுகிறேன். அந்தப் பதில் தவறு. நம் வயதுக்குத் தவறு, நம் ஆற்றங்கரைக்குத் தவறு. நான் சொல்லப்போகும் ஒரு காரணத்தால், பறவைகளுக்கும் தவறு.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அந்த லென்ஸை வாங்கியவன்தான். ஓய்வூதிய அரியர் வந்த வருஷம், வீட்டில் சொன்னது ஒரு விலை, கடையில் கொடுத்தது இன்னொரு விலை. ஒன்றரை வருஷம் வைத்திருந்தேன். பிறகு நஷ்டத்துக்கு விற்றேன். ஆகவே இது கிட்டாத திராட்சையைப் புளிப்பு என்று சொல்கிற கதை இல்லை. திராட்சையைத் தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். குமாஸ்தா புத்தி, வேறெங்கிருந்து ஆரம்பிப்பேன்?

லென்ஸின் மேல் எழுதியிருக்கிற மில்லிமீட்டர் எண் அதன் குவிதூரம். சென்ஸார் மேல் பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்பதை இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டில் கண்டுபிடிக்கலாம். பறவையின் உயரத்தைக் குவிதூரத்தால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அது 30 மீட்டர் தள்ளி மரத்தில் நிற்கிறது, உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்றால் சென்ஸாரில் அது 10 மி.மீ. உயரம் விழும். நம்மில் பலர் வைத்திருக்கும் காமிராவின் சென்ஸார் சுமார் 24 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். அதாவது படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் நாரை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதே நாரை 100 மீட்டருக்கு அப்பால் நின்றால்? 600 மி.மீ. லென்ஸிலும் 6 மி.மீ.தான். அப்படியென்றால் 30 மீட்டரில் நிற்பவனின் சாதாரண லென்ஸ், 100 மீட்டரில் நிற்பவனின் பீரங்கியைவிடப் பெரிய படம் எடுக்கிறது. லென்ஸை இரட்டிப்பாக்குவதும் தூரத்தைப் பாதியாக்குவதும் ஒரே கணக்கு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு எந்த ஊரில், எந்தக் கரையில், எத்தனை மணிக்கு நிற்பது என்று தெரிந்தால் போதும்.

நம் தாமிரபரணிச் சீமையில் அந்த அறிவு மலிவாகக் கிடைக்கிறது. காரணம், இங்கே பறவைகள் மனிதர்களை விட்டு ஓடிப்போய் வாழவில்லை. கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளே, வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். அரசாங்க உத்தரவு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் உத்தரவு போட்டுவிட்டார்கள் என்பதுதான் விஷயம். கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூரிலும் அப்படித்தான். கோவிலைச் சுற்றியுள்ள மருத மரத்திலும் இலுப்பையிலும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. 2005-ல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் விடியற்காலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் மீன்கொத்தி பத்து மீட்டரில் வந்து உட்காரும். இப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்துகொண்டு, ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போகிறவன் வாங்குகிற லென்ஸ் நமக்கு எதற்கு?

கூந்தன்குளத்தின் நடுத் தண்ணீரில், இமயமலை தாண்டி வந்து இறங்கியிருக்கும் பட்டைத்தலை வாத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது முக்கால் மீட்டர்கூட இருக்காது. 200 மீட்டரில் இருந்தால் 300 மி.மீ. லென்ஸில் ஒரு மில்லிமீட்டர், 600-ல் இரண்டு மில்லிமீட்டர். இரண்டுமே புள்ளிதான், ஒன்று சின்னப் புள்ளி, மற்றது பெரிய புள்ளி. அந்த வாத்துக்கு ஏற்ற கருவி பைனாகுலர். கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பார்த்ததையெல்லாம் படமாகக் கொண்டுவர வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

கணக்கில் வராத இன்னொரு சங்கதி காற்று. காலை ஒன்பது மணிக்கு மேல் நாங்குநேரிப் பக்கத்து வெயிலில் குளத்துக் கரையிலிருந்து கானல் எழும்பும். நூறு மீட்டர் கானலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பறவை நெளியும். பெரிய லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் கானலைத் துடைக்கிற கண்ணாடி கிடையாது.

அப்படியானால் ஆறரை மணிக்கே போய்விடலாம் என்பீர்கள். போகலாம். ஆனால் அப்போது வெளிச்சம் இல்லை. நம் பட்ஜெட்டுக்கு எட்டுகிற 150-600 லென்ஸ்கள் எல்லாமே கடைசி முனையில் எஃப் 6.3 துவாரம்தான் திறக்கும். கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் குறைந்தது குவிதூரத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 600-க்கு வினாடியில் அறுநூறில் ஒரு பங்கு. நம் சின்ன சென்ஸாருக்கு அதைவிட ஒன்றரை மடங்கு வேகம். பறக்கிற நாரையின் சிறகு நிற்க வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மங்கலில் இதற்கெல்லாம் ஐஎஸ்ஓ-வை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படம் முழுக்க ரவை தூவினாற்போல் இருக்கும். "அதுக்குத்தான் ஆட்டம் தடுக்கிற வசதி இருக்கே" என்று கடைப் பையன் சொல்வான். அது உங்கள் கை ஆடுவதைத் தடுக்கும். பறவை ஆடுவதைத் தடுக்காது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பணம் மிச்சமாகும்.

கை ஆடுவது என்றவுடன் எடை ஞாபகம் வருகிறது. அந்த லென்ஸ்களில் இலேசானவையே இரண்டு கிலோவை ஒட்டி இருக்கின்றன. கனமானது மூன்று கிலோவை நெருங்கும். காமிரா தனி. அதைத் தாங்குகிற முக்காலி தனி. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவர் ஒருவேளை தூக்குவார். எழுபதைத் தாண்டிய நாம், முழங்கால் டாக்டரிடம் மாதாமாதம் ஆஜராகிற நாம், இதைத் தோளில் போட்டுக்கொண்டு முக்கூடல் பஸ்ஸில் ஏறி இறங்குவதை யோசித்துப் பாருங்கள். நான் வைத்திருந்த ஒன்றரை வருஷத்தில் அதை வெளியே எடுத்துப்போனது பதினோரு முறை. டைரியில் குறித்திருக்கிறேன். அதற்கு முன் என் பழைய 70-300-ஐ எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் கிடக்கும் லென்ஸின் குவிதூரம் சைபர்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பெரிய லென்ஸ் வேண்டாம் என்று சரியாகத்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு, "2000 மி.மீ. ஜூம் உள்ள ஒரே காமிரா வாங்கிவிடும்" என்று முடிப்பார்கள். நிக்கான் பி900 என்று 2015-ல் வந்ததே, அந்த வகை. காமிரா மோசம் என்று நான் சொல்லவில்லை. நிலாவை எடுக்கிறவர்கள் அதில் நன்றாகவே எடுக்கிறார்கள். ஆனால் அந்த 2000 என்பது ஒப்பீட்டு எண். அதனுள்ளே இருக்கும் லென்ஸின் உண்மையான குவிதூரம் 357 மி.மீ. சென்ஸார் நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, அகலம் சுமார் 6 மி.மீ. சின்னச் சட்டத்துக்குள் பறவை அடைத்துக்கொண்டு நிற்பதால் அது பெரிதாகத் தெரிகிறது. வெயிலில் பரவாயில்லை, விடியலில் அந்தச் சின்ன சென்ஸார் திணறும். ஜன்னலைச் சிறிதாக்கிவிட்டு, ஜன்னல் நிறைய மலை தெரிகிறது என்று சொல்வது போலத்தான் இது. செல்போனில் நூறு மடங்கு ஜூம் என்று விளம்பரம் வருவதில் பெரும்பகுதியும் இந்த வித்தைதான்.

எத்தனையோ கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன் நான். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைப்புள்ளி எல்லாம் பிறகு. கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது, எதற்காக வாங்குகிறோம் என்ற தேவைக் குறிப்பு. அது பலவீனமாக இருந்தால் பின்னால் வரும் நாற்பது பக்கமும் வீண். ஒரு அலுவலகத்தில் இருக்கிற அறைக்குள் நுழையாத அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்பதுதான் காரணம். நான் மாற்றலாகிப் போகும்வரை அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. இப்போது 600 மி.மீ. சிபாரிசு செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தார்ப்பாய்தான் கண்ணில் தெரிகிறது.

நான் சின்ன வயதில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் காமிரா லென்ஸுக்கு 'ஒப்ஜெக்தீஃப்' என்று பெயர். நோக்கம், குறிக்கோள் என்பதற்கும் அதே சொல்தான். எங்கள் வாத்தியார் இதை வைத்து வகுப்பில் வேடிக்கை செய்வார். அப்போது சிரித்தேன். லென்ஸ் வாங்கப் போகிறவன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது என்பது, லென்ஸை விற்ற பிறகுதான் உறைத்தது.

ஏன் விற்றேன் என்று இன்னும் சொல்லவில்லை. எடை ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம்.

ஒரு மாசி மாதக் காலையில் திருப்புடைமருதூருக்கு அந்த லென்ஸோடு போனேன். நாரைக் கூடு ஒன்று தாழ்வான கிளையில் இருந்தது. படித்துறையிலிருந்து எடுத்தேன், அருமையாக வந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய் நாரையின் கண் தெரிந்தது. கண்ணுக்குள் வானத்தின் வெளிச்சப் புள்ளி தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். குஞ்சின் வாய்க்குள் மீன் போகிறது தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு பத்து அடி முன்னே போனேன். பிறகு இன்னொரு பத்து அடி. நாரை எழுந்து பறந்தது. திரும்பி வரட்டும் என்று அதே இடத்தில் காத்திருந்தேன். அது வந்து வந்து வட்டமிட்டுவிட்டு, இறங்காமல் போயிற்று. எனக்கு அதுவும் நல்ல படம்தான். ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கரையேறி வந்தாள். "ஏ ஐயா, எம்புட்டு நேரமா அது கூட்டுக்கு வர முடியாம சுத்துது. காக்கா ஒண்ணத் தூக்கிட்டுப் போயிட்டு, பாத்தியளா?" என்றாள். நான் பார்க்கவில்லை. 600 மில்லிமீட்டர் வழியாக வானத்தில் நாரையின் சிறகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வெறுங்கண்ணால் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சட்டம் படிப்பது பழைய பழக்கம். இரண்டாம் பிரிவில் வேட்டை என்றால் என்ன என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். கொல்வது, பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் வரிசையாக வருகிறது. கடைசியில், பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் வேட்டையில் சேர்த்தி. துப்பாக்கி வேண்டியதில்லை. நான் நின்ற இடத்தை மட்டும் யோசித்துப் பார்த்தேன்.

இதற்கு அந்த மூன்று பேரும் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நீர் செஞ்ச தப்புக்கு லென்ஸ் என்னவே செய்யும்? பெரிய லென்ஸ் இருந்தா தூரத்துல நிக்கலாமே, அது பறவைக்கு நல்லதுதானே?" ஒப்புக்கொள்கிறேன், வாதம் பலமானது. காகிதத்தில் அது சரி. 600 வைத்திருப்பவன் 300 வைத்திருப்பவனைவிட இரட்டிப்புத் தூரத்தில் நின்று அதே படத்தை எடுக்கலாம். அப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் கரையில் நான் பார்த்ததும் செய்ததும் வேறு. பெரிய லென்ஸ் வாங்கியவன் அதே படத்தோடு திருப்தி அடைவதில்லை. முழுப் பறவை கிடைத்தால் தலை வேண்டும், தலை கிடைத்தால் கண் வேண்டும், கண் கிடைத்தால் கண்ணுக்குள் வெளிச்சம் வேண்டும். லென்ஸ் நீளும்போது ஆசையும் சேர்ந்து நீளுகிறது. கால் பழைய இடத்திலேயே நிற்பதில்லை. இவ்வளவு பணம் போட்டிருக்கிறோமே என்ற கணக்கு வேறு பின்னாலிருந்து தள்ளுகிறது. 300 வைத்திருந்த காலத்தில் நான் படித்துறையை விட்டு இறங்கியதே இல்லை. மரமும் கூடும் ஆறும் கோபுரமும் சேர்ந்து வந்தால் எனக்குப் போதுமாயிருந்தது.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொறுப்பில்லாத குறிப்பு. என்ன வாங்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் காமிரா கம்பெனியின் 70-300 அல்லது 55-250, ஆட்டம் தடுக்கும் வசதி உள்ளது. நம் சின்ன சென்ஸார் காமிராக்களுக்கென்றே செய்த இந்த வகை லென்ஸ்கள் நானூறு கிராம் அளவில்கூட கிடைக்கின்றன. தோள் பையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கடைக்கு உங்கள் காமிராவையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். புது வகை லென்ஸ்கள் சில, பழைய காமிராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது. முழு ஜூமில் படம் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் துவாரத்தை எஃப் 8-க்குக் குறைத்துப் பாருங்கள், கூர்மை கூடும். முக்காலி வேண்டாம். பழைய கால்சட்டைத் துணியில் தலையணை மாதிரி சின்னப் பை தைத்து அதில் அரிசியை நிரப்பிக்கொள்ளுங்கள். படித்துறைக் கல்லிலோ பாலத்துச் சுவரிலோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் பாறைபோல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு லென்ஸைத் துணி பீரோவுக்குள் வைத்துவிடாதீர்கள், உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர். அதற்குப் பிறகும் மிச்சமாகும். அதைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூந்தன்குளம், விஜயநாராயணம், திருப்புடைமருதூர், ராஜவல்லிபுரம் என்று ஒரே குளத்துக்குப் பத்து முறை போனவனுக்கு, எந்தக் கரையில் நின்றால் பறவை தானாக அருகில் வரும் என்று தெரிந்துவிடும். அந்த அறிவை எந்தக் கடையிலும் விற்பதில்லை. 2011-லிருந்து ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பைனாகுலரும் நோட்டும் பென்சிலும். ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதிய நமக்கு அது பழகிய வேலை. ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கூடு இருக்கும் காலத்தில் மட்டும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. 300-ஆக இருந்தாலும் 600-ஆக இருந்தாலும், பறவை எழுந்து நின்று உங்களைப் பார்த்தால் அதுவே எல்லை. ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

டீக்கடையில் கேட்ட நண்பருக்கு: என் 70-300 வீட்டில்தான் இருக்கிறது. பழையது, கொஞ்சம் கீறல் உண்டு, வேலை செய்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் எடுத்துப்போய்ப் பாரும். போதவில்லை என்று தோன்றினால் தாராளமாக 150-600 வாங்கும், நானே கடைக்குத் துணைக்கு வருகிறேன். அந்த மூன்று பேரும் வரட்டும். தூக்குவதற்கு ஆள் வேண்டுமல்லவா?